கற்பூரத்தில் படாத கை

வதினா,

முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பாய். என் பெரியவன் மகனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்துவிட்டது. காக்கிச் சட்டையும் டிபன் கேரியருமாகக் காலை வண்டிக்கு ஓடுகிறான். அவன் தங்கை பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். இப்போது டைப்ரைட்டிங் படிக்கிறாள். அவள் தட்டுகிற வேகத்தைக் கேட்டால் நம் தெருவில் நாலு தறி ஒன்றாக ஓடுகிற மாதிரி இருக்கிறது. என் மகள் வயிற்றுப் பேரன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருக்கிறான். நீ பார்க்காமலே போன கடைசிக் குட்டி, பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். இப்போது நான் அதில்தான் காப்பி குடிக்கிறேன். உன் பேத்தியை விட்டுவிடுவேனா? மெட்ராஸில் நர்ஸ் படிப்பு முடித்து, வெள்ளை உடுப்போடு பெரிய ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறாள். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் நான், சந்தனம் அரைத்தவள் நீ. நம் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், ஆமாம் என்பேன்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வாசனை. பூசைக் கற்பூரத்தின் வாசனை ஒன்று. உள்ளங்கையால் அடித்து அணைத்த கற்பூரத்தின் வாசனை வேறு. அதில் கரியும் சுட்ட தோலும் கலந்திருக்கும். இன்று காலை நம் தெருப் பிள்ளையார் கோயில் பக்கமிருந்து அந்த இரண்டாவது வாசனை வந்தது. ராட்டையை விட்டு எழுந்து வெளியே போனேன். ஆண்கள் வரிசையாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆமாம் வதினா, டவுன் பஞ்சாயத்து எலெக்ஷன் வந்துவிட்டது. நீ கேட்டுக்கொண்டே போனாயே, அந்த எலெக்ஷன். இந்தத் தடவை அவர்கள் பெண்களையும் கூப்பிட்டார்கள். என்னிடமும் கையை நீட்டச் சொன்னார்கள்.

நான் என்ன பண்ணினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பழைய கதையை ஒரு தரம் எழுதிப் பார்க்க வேண்டும். இந்தத் தெருவில் அதை முழுசாகத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நம் வார்டு என்பது என்ன? முருகன் மலையடியில் நாலு துண்டு. பயிர்க்காரர்களின் பெரிய தெரு ஒன்று. கனகம்மாசத்திரம் போகிற வழியெல்லாம் நிலம், கல் வீடு, வாசலில் வண்டி. ரயில்வே கேட்டுச் சந்து ஒன்று, மூட்டை தூக்குகிறவர்களும் குதிரை வண்டிக்காரர்களும். படிக்கட்டு ஓரத்துக் கடைக்காரர்கள், பூவும் தேங்காயும் சந்தனமும் விற்கிறவர்கள். அப்புறம் நம் நெசவுத் தெரு. அது ஒரு தெரு என்று பேர்தான். மேல்முனையில் தமிழ் பேசுகிற நாங்கள், கீழ்முனையில் தெலுங்கு பேசுகிற நீங்கள், நடுவில் பிள்ளையார். நீ நகரிப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். உங்கள் முனையில் அண்ணன் மனைவியைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் உன்னை வதினா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். உன் பெயரே எனக்குப் பல வருஷம் தெரியாது.

தலையை எண்ணினால் நெசவுத் தெருதான் பெரிசு. ஆனால் மெம்பர் எப்போதும் பெரிய தெருவிலிருந்துதான் வருவார். ஊர் ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் சேர்ந்த பிறகும் அவர்தான், மெட்ராஸில் ஆட்சி மாறிய பிறகும் அவர்தான். காரணம் எல்லாருக்கும் தெரியும். மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் ஒத்துப்போகாது. ஒரு எலெக்ஷனுக்கு மேல்முனையைப் பிடிப்பார்கள், அடுத்ததற்குக் கீழ்முனையை. பிடிப்பது என்றால் கற்பூரம். வீட்டுக்கு ஓர் ஆண் வந்து, மலையைப் பார்த்து நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, இன்னாருக்குத்தான் என்று சொல்ல வேண்டும். முருகன் மேல் ஆணை. அத்தோடு அந்த வீட்டு ஓட்டெல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்கு ஒரு கை.

கடைசியாக எலெக்ஷன் நடந்த வருஷம் பெரிய தெரு மெம்பர் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் மண்டபமும் மைக் செட்டும் தருவதாகச் சொன்னார். பிள்ளையார் இரண்டு முனைக்கும் பொது அல்லவா? இரண்டு முனையும் சேர்ந்து கற்பூரம் ஏற்றின. அப்போது நீ வந்தாய். கையெல்லாம் சந்தனம். மொட்டை போட்டவர்களின் தலைக்குப் பூசிவிட்டு நேராக வந்திருந்தாய்.

தெரு நாட்டாமை கேட்டார்: "யம்மா, நீ இன்னாத்துக்கு வந்த? இது ஆம்பளைங்க கை வெக்கிற எடம்."

"எங்க ஊட்ல ஆம்பள இல்லீங்களே. அவரு பூட்டாரு. அதான் நானே வந்தேன்."

"புள்ள பெரியவனாவட்டும். அவன் வெப்பான்."

"அதுவரிக்கும் என் ஓட்டு இன்னா ஆவும்?"

"சந்தனத்தோட சேர்த்து அரச்சிடு வதினா!" என்று யாரோ கத்த, கூட்டமே சிரித்தது. என் வீட்டுக்காரரும்தான் சிரித்தார். கதவோரத்திலிருந்து பார்த்தேன்.

நீ கோபப்படவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாய். "சரிங்க. என் கை நெருப்புல படல. எல்லாரும் பாத்துக்கினீங்க. மலை மேல கீறவரும் பாத்துக்கினாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் நீ ஆரம்பித்தாய், எந்த ஆணும் காலெடுத்து வைக்க முடியாத இடத்தில். மலையடிப் புதர்களைச் சொல்கிறேன். கையில் சொம்போடு நாம் கூட்டமாகப் போகிற இடம். வெளிச்சம் வருவதற்குள் போய்த் திரும்ப வேண்டும், விட்டால் இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும். ஆடிக் கிருத்திகை வந்தால் அதுவும் இல்லை. காவடிக் கூட்டம் புதர் வரைக்கும் படுத்திருக்கும். அதற்கு முந்தின ஆடியில், வயசுக்கு வந்து சில மாசமே ஆன என் மகள், எங்கே போவது என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். இரண்டாம் நாள் ராட்டை முன்னாலேயே மயங்கி விழுந்தாள். அவளை மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தவள் நீதான். மண்டபத்துக்காகக் கை வைத்த எந்த ஆணுக்கும் அது தெரியாது. பெண்களுக்கு ஒரு கக்கூஸ், அதைச் சுற்றி ஒரு சுவர். நாம் கேட்டது அவ்வளவுதான். கேட்டபோது, "இதெல்லாம் ஒரு விஷயமா, கூட்டத்துல பேசறதுக்கு?" என்று நாட்டாமை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த விடியலில் நீ சொன்னாய்: "நான் எலெக்ஷன்ல நிக்கப் போறேன்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. "எங்க ஊட்டுக்காரரு கற்பூரம் அணச்சிட்டாரே வதினா" என்றேன்.

"யாரு கையால?"

"அவரு கையாலதான்."

"உன் கை பட்டுச்சா?"

"இல்ல."

"அவரு சாப்ட்டா உனக்கு வயிறு ரொம்புதா? அவரு கை சுட்டா உனக்குக் கொப்புளம் வருதா? பொம்பள கை வெக்கக் கூடாதுன்னு அவங்களே சொன்னாங்க. அப்ப சத்தியம் அவங்களுது. ஓட்டு நம்முது."

"சாமி கண்ணக் குத்திட்டா?"

"குத்தட்டும், சத்தியம் பண்ணிட்டு மாத்திப் போட்டவன் கண்ண. நீ இன்னாடி பண்ண?"

பொழுது விடிந்துவிட்டது. எழுந்து ஓடினோம். ஆனால் அந்தப் பேச்சு என் தலைக்குள் தறியில் ஓடுகிற நாடா மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது. அதுவரைக்கும் என் ஓட்டு என்று ஒன்று தனியாக இருப்பதாகவே நான் நினைத்ததில்லை.

உனக்குக் குடைச் சின்னம் கொடுத்தார்கள். பெரிய தெருக்காரருக்கு மாட்டு வண்டி. உன் படம் போட்டு நோட்டீஸ் அடித்தாய். அச்சுக்காரர் உன் முகத்தில் மையை அப்பிவிட்டார். குடை மட்டும் தெளிவாக விழுந்தது. அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு மூலைக் கடையில் ஆண்கள் பண்ணின கேலி கொஞ்சமா? நீயும் பாவா என்று மச்சான் முறை வைத்தே பதில் சொன்னாய்.

"மழையே பெய்யாத ஊருக்குக் குடையா வதினா?"

"வெய்யிலுக்கும் குடைதான் பாவா புடிக்கிறாங்க. போன மாசம் மொட்ட போட்டுகினு எங்கிட்டதானே சந்தனம் வாங்கின? அப்ப குடை இருந்தா அந்த செலவு மிச்சம்."

அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன்னை யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற அளவுக்கு உன்னை மதிக்கவே இல்லை. வீட்டுக்கு வீடு கற்பூரம் அணைத்தாகிவிட்டதே, இனி இவளுக்கு யார் போடுவார்கள் என்று நினைத்தார்கள். நமக்கோ விடியற்காலைப் புதர்தான் கட்சி ஆபீஸ். அங்கே மேல்முனை, கீழ்முனை என்று எதுவும் கிடையாது. தமிழோ தெலுங்கோ, குந்தினால் எல்லாரும் ஒன்றுதான்.

ஓட்டுப் போடுகிற அன்று என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடம் வரைக்கும் கூட வந்தார். "மாட்டு வண்டி. மறந்துடாத" என்றார். "ஆங்" என்றேன். பொய் இல்லை, நான் வண்டியை மறக்கவே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் அதைத் தாண்டிக் குடைக்குப் போனேன். முத்திரையைக் குடை மேல் அழுத்தி வைத்தேன். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

நீ ஜெயிக்கவில்லை. பெரிய தெருவும் கேட்டுச் சந்தும் அவரைக் கரையேற்றிவிட்டன. ஆனால் நம் தெருப் பெட்டியைத் திறந்தபோது மாட்டு வண்டியும் குடையும் கிட்டத்தட்டச் சரிபாதி. சேதி வந்ததும் ஆண்கள் எல்லாரும் பிள்ளையார் கோயிலில் கூடிவிட்டார்கள். சத்தியத்தை மீறினவன் எவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"கீழ்முனை ஆளுங்கதான்! தெலுங்குப் பொம்பளைன்னு போட்டுட்டானுங்க!"

"ஏமிரா, எங்க கை நெருப்புல படலியா? இதோ பாரு கொப்புளம்!"

யாரோ யார் சட்டையையோ பிடித்தார்கள். தறிக் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடி வந்தான். என் வீட்டுக்காரர் நடுவில் போய் அடி வாங்கப் பார்த்தார். நாட்டாமை கையைத் தூக்கி நிறுத்தி, நாளைக் காலையில் இரண்டு முனை ஆண்களும் சரவணப் பொய்கையில் முங்கி, ஈரத் துணியோடு மறுபடி சத்தியம் பண்ண வேண்டும், மீறினவன் அகப்பட்டால் அவன் வீட்டோடு இந்தத் தெருவில் யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்றார். ஒரு தப்பும் பண்ணாத ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் போகிறார்கள். இத்தனை பேரில் ஒருத்தருக்குக் கூட நம் ஞாபகம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

நீ கூட்டத்துக்குள் நடந்து போனாய்.

"பாதி ஓட்டு பூடுச்சுன்னு அடிச்சிக்கிறீங்களே. ஒவ்வொரு ஊட்லயும் பாதி யாருன்னு எண்ணிப் பாத்தீங்களா?"

பிடித்த சட்டையை விட்டுவிட்டு ஆண்கள் அவரவர் வீட்டு வாசலைப் பார்த்தார்கள். முதலில் வெளியே வந்தது யார், நினைவிருக்கிறதா? நாட்டாமை மனைவி. இடுப்பில் நூல் கூடையோடு வந்து நின்று, "நானும் குடைதான்" என்றாள்.

"ஏய்! நான் சத்தியம் பண்ணியிருக்கேன்டி!"

"ஆங், நீங்க பண்ணீங்க. நீங்க வண்டிக்குத்தானே போட்டீங்க? உங்க சத்தியம் நல்லாத்தான் நிக்குது. அதுக்கு இன்னா இப்போ?"

அடுத்தது நான். அப்புறம் கதவுக்குக் கதவு. மேல்முனை, கீழ்முனை, கிழவிகள், புதுசாக வந்த மருமகள்கள். பொய்கையில் முங்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லாமல் போனது. தறிக் கட்டையோடு வந்தவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான்.

அன்றெல்லாம் என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து, நெய்கிற லுங்கி ஏதோ குற்றம் பண்ணின மாதிரி அடித்தார். கடைசியில், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொல்லியிருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

நூல் அறுந்தது. குனிந்து முடிச்சுப் போட்டார். தலையைத் தூக்காமலே, "குடையை எங்க போட்டிருந்தான், மேலயா கீழயா?" என்று கேட்டார். அவர் சமாதானம் சொல்கிற விதம் அதுதான்.

அடுத்த ஆடிக்கு முன்னால் கக்கூஸ் சுவர் எழும்பியது. மண்டபத்துக்கும் முந்தி எழும்பியது. பாதித் தெரு குடைப் பக்கம் நின்றதைப் பார்த்தபின் மெம்பருக்கு வேறு வழி இல்லை. மாலை போட்டுத் திறந்து வைத்தார். உன்னைக் கூப்பிடவில்லை. அவர்கள் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே நீ சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்து, "ரிப்பன் வெட்னது அவரு. தொறந்து வெச்சது நான்" என்றாய். அந்த ஆடியில் என் மகள் தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாள். எனக்கு அது போதும். உனக்குப் போதவில்லை. "அடுத்த எலெக்ஷன்ல பாரு, கேட்டுச் சந்தையும் சேர்த்துப் புடிக்கிறேன்" என்று மிச்ச நோட்டீஸைக் கட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாய்.

அடுத்த எலெக்ஷன் வரவே இல்லை. இந்த வருஷம் என்றார்கள், வருகிற வருஷம் என்றார்கள். மெம்பர் பதவியும் போய், ஆபீசர் ஒருவர் உட்கார்ந்து பஞ்சாயத்தை நடத்தினார். சட்டசபை ஓட்டு வந்தது, பார்லிமெண்ட் ஓட்டு வந்தது, நம் வார்டு ஓட்டு மட்டும் வரவில்லை. தறிகளுக்குக் கரண்ட் வந்தது. என் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் வந்தன. உனக்குத் தலை நரைத்தது, அப்புறம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "தேதி சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாய். உன் மகனுக்குப் புரியவில்லை, ஆபரேஷன் தேதி என்று நினைத்தான். எனக்குப் புரிந்தது. "இன்னும் இல்ல வதினா" என்றேன். "திருட்டுப் பசங்க" என்றாய். அதற்கப்புறம் நீ சொன்னது எதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை.

இப்போது தேதி சொல்லிவிட்டார்கள். பெரிய தெரு மெம்பரின் மகன் நிற்கிறான். நாட்டாமை போய் அவர் மகன் நாட்டாமை ஆகியிருக்கிறான். அவன் அப்பனைவிடப் புத்திசாலி. ஆண்கள் எல்லாரும் அணைத்து முடித்ததும் புதுக் கற்பூரம் ஒன்றை ஏற்றி, எங்களைப் பார்த்தான்.

"பெரிம்மா, இந்தத் தபா பொம்பளைங்களும் வந்து கை வெக்கணும். அந்தக் காலத்துல வெக்க வுடலன்னு கோச்சிக்கினீங்களாமே? இப்ப எல்லாம் சமம். வாங்க, மூத்தவங்க நீங்க மொதல்ல வெய்ங்க."

என் பின்னால் தெருப் பெண்கள் முழுக்க நின்றிருந்தார்கள். நான் வைத்தால் எல்லாரும் வைப்பார்கள். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்தில் ஒரு சின்ன மருமகள் கையை அதற்குள் நீட்டியே விட்டாள். மலையைப் பார்த்தேன். வதினா, எனக்குச் சாமி பயம் இல்லாமல் இல்லை. கற்பூரத்துக்கு முன்னால் நின்றால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் உன் கை ஞாபகம் வந்தது, சந்தனத்தோடு நீ தூக்கிக் காட்டின கை.

என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வெக்க மாட்டேன்பா."

"ஏன் பெரிம்மா? சாமிக்குப் பயம் இல்லியா?"

"சாமிகிட்ட நான் நேராப் பேசிக்கிறேன். நடுவுல நீ இன்னாத்துக்கு?"

"அப்ப யாருக்குதான் போடுவீங்க?"

"பொட்டிகிட்ட போய்க் கேளு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சின்ன மருமகள் நீட்டின கையை இழுத்து, என்னைப் பார்த்து அப்படியே முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அப்புறம் அவள் மாமியார். அப்புறம் ஒவ்வொருத்தியாக. ஒரு பெண்கூட முன்னால் போகவில்லை. கற்பூரம் தானாக எரிந்து தானாகத் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து உன் நோட்டீஸைத் தேடி எடுத்தேன். நீ போனபின் உன் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து நான் எடுத்து வந்த கட்டில் ஒன்றுதான் மிச்சம். குடை இன்னும் தெளிவாக இருக்கிறது, உன் முகம்தான் மைக் கறை. அந்தச் சின்ன மருமகள் எட்டிப் பார்த்து, "யாரு பெரிம்மா இது?" என்று கேட்டாள். எனக்கு வலித்தது. அதனால் மெட்ராஸில் இருக்கும் உன் மகனுக்கும் ஒரு கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போடப் போகிறேன்: தம்பி, உன் அம்மா போட்டோ நல்லதாக ஒன்று புதுசாகக் கழுவி உடனே தபாலில் அனுப்பு. மாலை போட்டது வேண்டாம், பொட்டு வைத்தது வேண்டாம். நேராகப் பார்க்கிற மாதிரி ஒன்று. ஓட்டுக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

வந்ததும் ராட்டைக்கு எதிரில் மாட்டுவேன். தெருப் பெண்கள் வந்து பார்ப்பார்கள். யார் என்று கேட்டால் சொல்வேன். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து விரல் மையை உனக்குக் காட்டுவேன். யாருக்குப் போட்டேன் என்பதை மட்டும் உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன். நீ கேட்கவும் மாட்டாய்.